மஞ்சள் காலிப்பரும் நல்லெண்ணெயும்

போன வருஷக் குற்றால சீசனில்தான் அந்த வண்டியைப் பார்த்தேன். ஐந்தருவிக்குப் போகிற வழியில், ரம்புட்டான் விற்கிற கடை ஓரமாக, கேரளா நம்பர் போட்ட வெள்ளைக் கார் ஒன்று நின்றிருந்தது. சக்கரத்தின் இடைவெளியில் உள்ளே பளிச்சென்று மஞ்சளாக ஏதோ தெரிய, குனிந்து பார்த்தேன். பிரேக் காலிப்பர். பிரேக்கை மிதித்தால் சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து நிறுத்துமே, அந்த இரும்புக் கவ்விதான். எல்லா வண்டியிலும் துருவேறி, சேறு அப்பி, யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற சாமான். அதற்குப் போய் எந்த மகராசனோ மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருந்தான். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நம்ம வண்டிக்கும் இப்படி அடிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பஸ்ஸில் வந்து இறங்கிய என் கணவரிடம் காட்டினேன். "அது என்ன ஆட்டோவா, மஞ்சள் அடிக்கதுக்கு?" என்று கேட்டுவிட்டு அருவிப் பக்கம் நடந்தார்.

வீட்டில் கார் இருக்கும்போது அவர் ஏன் பஸ்ஸில் வந்தார் என்று கேட்பீர்கள். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

வண்டி வாங்கிய நாளிலிருந்து ஓட்டியது அவர்தான். சீட் கவர், ஸ்டீயரிங் உறை, அலாய் வீல், ஹாரன் சத்தம் வரைக்கும் எல்லாம் அவர் தேர்வு. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுகிற ஆள். அப்புறம் அவருக்கு வலது கண்ணில் நரம்பு பாதிக்கப்பட்டுப் பார்வை போய்விட்டது. இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஆனால் இனிமேல் கார் ஓட்டக்கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். பிறகு அதை அவர் தொடவில்லை.

நான் தொட்டேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, என் மகள் வயதுப் பெண்களோடு வரிசையில் நின்று, எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். இப்போது ஆலங்குளத்தில் இருக்கிற என் ஆபீசுக்கு வேலை நாளெல்லாம் நான்தான் ஓட்டிப் போகிறேன், வருகிறேன். எங்கேயும் இடித்ததில்லை. வழியில் ஓர் ஆட்டைத் தவிர யாரும் என்னைக் கண்டு மிரண்டதும் இல்லை.

ஆனால் அவர் ஏற மாட்டார். நான் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா, வா, ஒடி, இன்னும் ஒடி" என்று கையை ஆட்டுவார். வண்டி தெருவுக்கு வந்ததும் கேட்டைப் பூட்டுவார். பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பார். வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு அப்படித்தான் போனோம். அவர் பஸ்ஸில், நான் காரில். பாதி வழியில் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே நான் மாட்டிக்கொண்டேன். கடைசி சீட்டில் இருந்து என்னைத் திரும்பிப் பார்த்தவர், கடன்காரனைக் கண்டது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்டப வாசலில் எல்லோரும், "தனித்தனியா வாரிய, என்ன சண்டையா?" என்று விசாரித்தார்கள்.

காரணம் கேட்டால், "இடது பக்கம் உக்காந்தா எனக்குத் தலை சுத்துது" என்பார். பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தால் சுற்றாதா என்று கேட்டேன். அது பெரிய வண்டி என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபம் ஆறியபின் மிஞ்சியது வருத்தம்தான். பக்கத்து சீட்டில் என் ஹேண்ட்பேக்கை உட்கார வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஓட்டுவது? நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று அவர் சொல்ல வேண்டாம். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். அந்த வண்டியை வைத்து நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். மஞ்சள் காலிப்பர் அதற்கு அப்புறம் வந்த ஆசை.

இரண்டையும் முடிச்சுப் போட்டது என் குறுக்குப் புத்தி. கார் சக்கரத்தைக் கழற்றினால் இவரால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சூடு தாங்குகிற பெயின்ட் தென்காசிக் கடைகளில் கறுப்பும் சில்வரும்தான் இருந்தது. மஞ்சளை ஆன்லைனில் வரவழைத்தேன். கூடவே பிரேக் கிளீனர் ஸ்பிரே ஒன்று, கம்பி பிரஷ், ஒட்டு டேப். எல்லாம் வந்து சேரும்போது இந்த வருஷ சீசன் தொடங்கிவிட்டது. வெயிலும் சாரலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. நல்ல புத்தி உள்ளவர்கள் பெயின்ட் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த கோடை வரைக்கும் பொறுக்கிற குணம் எனக்கு இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் போர்டிகோவின் மேற்குப் பக்கம் பழைய போர்வையைக் கட்டிச் சாரலைத் தடுத்துவிட்டு, ஜாக்கியோடு கீழே உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "சாரல்ல பெயின்ட் அடிக்கிற ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

"பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. நாளைக்கு நீங்களும் கேப்பிய" என்றேன்.

நான் நினைத்தபடியே வீட்டுக்காரர் வெளியே வந்தார். சனிக்கிழமை அவருக்கு எண்ணெய்க் குளியல் நாள். இடுப்பில் பழைய துண்டு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். எண்ணெய் ஊறுகிற வரைக்கும் வழக்கமாகப் பின்கட்டில்தான் உட்காருவார். அன்றைக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போர்டிகோவுக்கு வந்துவிட்டார். காற்று வாங்க வந்தாராம்.

"ஏட்டி, தூக்குததுக்கு முன்னால நட்ட லூசு பண்ணணும்."

"தெரியும்."

"பின் வீலுக்குக் கல்லு வச்சியா?"

"வச்சாச்சு."

"கழட்டுன வீல வண்டிக்கு அடியில போட்டு வையி. ஜாக்கி சரிஞ்சா வண்டி அதுமேல உக்காரும்."

இது எனக்குத் தெரியாது. தெரிந்தது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சக்கரத்தை உருட்டி அடியில் தள்ளினேன்.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் செம்மண் மாதிரி கொட்டியது. ஸ்பிரே அடித்துத் துடைத்தேன். ரப்பர் இருக்கிற இடமெல்லாம் டேப் ஒட்டி, தட்டைப் பேப்பரால் மூடி, மெல்லிய பிரஷ்ஷால் மஞ்சளைப் பூச ஆரம்பித்தேன். முதல் பூச்சு திட்டுத் திட்டாக நின்றது. அடுத்த பூச்சில் நிறம் பிடித்துக்கொண்டது. சாரல் ஈரத்தில் அது காயவா செய்யும்? மகள் விட்டுப்போன ஹேர் டிரையரை எடுத்து வந்து காலிப்பருக்குச் சூடு காட்டினேன்.

"கல்யாண வீட்டு அம்மிக்கு மஞ்சள் பூசுன மாதிரில்லா இருக்கு" என்றார் ஸ்டூலில் இருந்தவர். ஆனாலும் ஸ்டூல் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வந்திருந்தது.

"பின்னால காலிப்பரே கிடையாது தெரியுமா? வெறும் டிரம் பிரேக்குதான். அதுக்கு என்ன செய்வே?"

"அதுக்கும் மஞ்சள்தான்."

வலது பக்கம் முடித்து, பின்னால் இரண்டு டிரம்மையும் முடித்து, கடைசியாக இடது முன் சக்கரத்துக்கு வந்தேன். எண்ணெய் எப்போதோ ஊறிவிட்டது, அவர்தான் ஸ்டூலை விட்டுக் குளிக்கப் போகவில்லை. அங்கும் பூசிக் காய வைத்து டேப்பையும் பேப்பரையும் பிய்த்தெடுத்தேன். உள்ளே குக்கர் கூப்பிட்டது. போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தால், அவர் சக்கரம் இல்லாத இடத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் பால் குடித்த பூனை மாதிரி எழுந்து ஸ்டூலுக்குப் போனார்.

"அங்கன என்ன செய்திய?"

"ஒரு துண்டுப் பேப்பர் உள்ள மாட்டிக்கிட்டு இருந்துச்சு. தட்டச் சுத்தி எடுத்துட்டேன். என் ஒத்தக் கண்ணுக்குத் தெரியுது, உனக்கு ரெண்டு கண்ணு இருந்தும் தெரியல."

சுருக்கென்றது. சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்கினேன். அவரும் வெற்றிக் களிப்போடு குளிக்கப் போனார்.

ஜாக்கியை இறக்கி, நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன். வெள்ளை வண்டிக்கு அந்த மஞ்சள் என்ன எடுப்பாக இருந்தது தெரியுமா? நல்ல சேலைக்கு வாய்த்த பார்டர் மாதிரி. இதை ஓட்டிப் பார்க்காமல் எப்படி இருப்பது? குற்றாலம் வரைக்கும் ஒரு நடை போய் வரலாம் என்று உள்ளே ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

"வண்டிய எடுக்காத. ஏட்டி, எடுக்காத."

வீட்டுக்குள்ளிருந்து சத்தம் முதலில் வந்தது. பின்னாலேயே ஆள் வந்தார். ஈரத்துண்டு, தலையில் அப்பிய சீயக்காய், அது நெற்றி வழியாக வடிந்து நல்ல கண்ணையும் மூடிவிட்டது. கையால் தடவிக்கொண்டே வந்து பின்னால் கேட்டை மறித்து நின்றார். அண்ணாச்சி வீட்டுச் சுவரில் இப்போது இரண்டு தலை தெரிந்தது.

நான் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கினேன். "என்ன ஆச்சு?"

"எண்ணெக் கையோட டிஸ்க்கப் புடிச்சிட்டேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பேப்பரை எடுக்கத் தட்டைக் கையால் பிடித்துச் சுற்றியிருக்கிறார். கை நிறைய நல்லெண்ணெய். அந்தத் தட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் வழுக்கினால் வண்டி ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போகும். சீயக்காய் தேய்த்தும் கையில் எண்ணெய் விடாமல் இருப்பதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

"சீசன் கூட்டத்துல, பிள்ளையளத் தூக்கிக்கிட்டுக் குறுக்க நெடுக்கப் போறாங்க. நீ மிதிச்சு, அது நிக்காம..." என்றவர் நெற்றிச் சீயக்காயை வழித்து உதறினார். "நாந்தான் கெடுத்தேன்" என்றார்.

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவர் வைக்கிற ரசத்தில் உப்பு குறைந்தால்கூடக் கடைக்காரன் கொடுத்த உப்பே சரியில்லை என்று சொல்கிறவர். நானே எவ்வளவு பெரிய முட்டாள், எண்ணெயோடு ஒரு ஆளை பிரேக் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அடுத்த நிமிஷம், சீயக்காய் வழிய நிற்கிற அவர் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"போய்த் தலைய அலசிட்டு வாங்க. கண்ணு எரியும்."

"எரியட்டும். மொதல்ல இதப் பாப்போம்."

முகத்தை மட்டும் கழுவினார். வெளிக் குழாயில் சோப்புத் தூள் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு என் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாரு." நல்லெண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. திரும்பப் போய்க் கழுவி வந்து நீட்டினார். இந்தத் தடவை சோப்பு வாசம்தான். பாஸ் என்றேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர் இப்போது ஸ்டூலில் உட்காரவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் சக்கரத்தைக் கழற்றினேன். அவர் காலிப்பரின் கீழ் போல்ட்டைத் தடவிப் பார்த்து ஸ்பேனரைப் போட்டு, கவ்வியை மேலே தூக்கி, உள்ளே இருக்கிற பிரேக் பேடுகளை உருவி எடுத்தார். என் கையில் கொடுத்து, "எங்கயாவது பளபளன்னு தெரியுதா பாரு" என்றார். ஒரு பேடின் ஓரத்தில் தெரிந்தது. உப்புத் தாளில் வைத்து அவர் தேய்க்க, போதுமா போதுமா என்று கேட்க, நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த ஸ்பிரே முழுவதையும் தட்டின் மேல் அடித்து, துணியில் அழுக்கு வராத வரைக்கும் துடைத்தோம்.

எண்ணெயோடு சேர்த்துக் கொஞ்சம் மஞ்சளையும் ஸ்பிரே கரைத்துவிட்டது. இன்னும் முழுசாகக் காயாத பெயின்ட் அல்லவா? மூலையில் இரும்பு தெரிந்தது. கிடக்கட்டும் என்றேன். நிஜமாகவே அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவர் கேட்கவில்லை. பிரஷ்ஷை எடுத்து, முகத்தைக் காலிப்பருக்கு ஒட்டி வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி பூசினார். அந்த மூலையில் மட்டும் பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக நிற்கிறது, இன்றைக்கும். ஹேர் டிரையர் பிடித்ததும் அவர்தான்.

சக்கரத்தை மாட்டினோம். "பெடல நல்லா அமுக்கி அமுக்கி விடு, கெட்டியாகுத வரைக்கும்" என்றார். அமுக்கினேன். பிறகு இரண்டு பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

"தெருமுனை வரைக்கும் மெதுவாப் போய்ட்டு வாரேன்."

"நீ தனியாப் போகக்கூடாது."

சொல்லிவிட்டு, துண்டை மாற்றி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். தலையில் சீயக்காய் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. இடது பக்கக் கதவைத் திறந்தார். என் ஹேண்ட்பேக்கை எடுத்துப் பின் சீட்டில் போட்டார். உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

மனசுக்குள் துள்ளியதை நான் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் இறங்கிவிடுவார்.

தெருவுக்குள் ஊர்ந்து ஊர்ந்து போய், நின்று பார்த்து, பிறகு மேலகரம் தாண்டி இரண்டு பக்கமும் வயல் இருக்கிற ஆளில்லாத ரோட்டுக்கு வந்தோம். "இப்ப மிதி." மிதித்தேன். "விடு. இன்னும் கொஞ்சம் வேகம் எடு. மிதி." நான் மிதிக்கும்போதெல்லாம் அவரும் வலது காலால் தரை விரிப்பை அழுத்தி மிதித்தார். "இழுக்குதா?" இல்லை என்றேன். "ஸ்டீயரிங்க லேசா விட்டுப் பாரு." விட்டேன். வண்டி கோடு போட்டது மாதிரி நேராக நின்றது. ரோட்டோரத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்று எங்களை வேடிக்கை பார்த்தார். போவதும் நிற்பதுமாக இருக்கிற புருஷன் பெண்டாட்டியை அவர் என்னவென்று நினைத்தாரோ.

"சரியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "தலதான் அரிக்குது. இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, பழைய குற்றாலத்துல தலையக் காட்டிட்டுப் போயிருவோம்."

அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. கூட்டமும் அதற்கேற்றபடி இருந்தது. அவர் வரிசையில் போய் நிற்க, நான் வண்டியோடு இருந்தேன். சீயக்காயெல்லாம் போய், உடம்பு நடுங்க, முகம் சிவக்கச் சிவக்க வந்தார். பக்கத்தில் வண்டியை நிறுத்திய ஒருவர் எங்கள் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, இது எங்கே போட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "வீட்டுலதான் சார். நாங்க ரெண்டு பேருந்தான்." ஒரு மூலையில் ஒரு தீற்றல் தீற்றியதற்கு இந்தப் பேச்சு. சூடாக ஆளுக்கொரு தட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. வைப்பரை மெதுவாக ஓட விட்டேன். மேடு, குழி, முன்னால் போகிற பைக் என்று எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டே வந்தவரின் சத்தத்தைக் கொஞ்ச நேரத்தில் காணோம். ஓரக்கண்ணால் பார்த்தேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. காலிரண்டும் நீட்டிக் கிடந்தன. தூங்கிவிட்டார். யார் ஓட்டினாலும், பஸ்ஸாகவே இருந்தாலும், கண்ணை ரோட்டை விட்டு எடுக்காத மனுஷன் இவர்.

எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடம் வந்தது. திரும்பினால் வீடு. வீடு வந்தால் எழுப்ப வேண்டும். நான் திரும்பவில்லை. நேராகத் திருநெல்வேலி ரோட்டில் விட்டேன். வேகத்தடைகளில் தொட்டில் குழந்தையை ஏற்றி இறக்குவது மாதிரி ஏற்றி இறக்கினேன். ரேடியோகூடப் போடவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பாவூர்சத்திரத்தில் காய்கறி லாரி ஒன்று ஹாரன் அடித்ததில் அவர் விழித்துக்கொண்டார். வெளியே பார்த்தார்.

"இது எங்கன?"

"பாவூர்சத்திரம்."

"இங்கன நமக்கு என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. நீங்க தூங்குதியன்னு ஓட்டிக்கிட்டே வந்துட்டேன்."

அவர் ரோட்டைப் பார்த்தார். வண்டியைத் திருப்பு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து இண்டிகேட்டரில் கை வைத்தேன். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் தடவி லிவரைக் கண்டுபிடித்து, முதுகைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

"சரி, ஓட்டு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.